மிதக்குமா, முங்குமா?

"அணைஞ்ச பொறவுதானே டீச்சர் தண்ணி ஏறுது?"

கேட்டது ஒன்பதாம் வகுப்பு மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை. மேசையில் எவர்சில்வர் தட்டு, அதில் சிவப்பு மை கலந்த தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். அறிவியல் எடுக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்து காட்டியிருக்கும் சோதனைதான். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்; அது எரிந்து தீர்ந்ததும் காலியான இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது; டம்ளரைப் பாருங்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒன்பது வருஷமாக இந்த வசனத்தை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் படித்த காலத்தில் எனக்குச் சொன்னதும் இதேதான்.

பிள்ளை விடவில்லை. "எரிய எரிய ஆக்சிஜன் தீருதுன்னா, தண்ணியும் எரிய எரியத்தானே கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்? இது அணையுற வரைக்கும் சும்மா கெடந்துட்டு, அணைஞ்ச பொறவு சட்டுனு ஏறுதே."

"உட்காரு, பொறவு சொல்றேன்" என்றேன். ஆசிரியர்களுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும்.

அன்று ராத்திரி சமையல்கட்டில் மெழுகுவத்திகளோடு உட்கார்ந்தேன். "கரண்ட் இருக்கே, என்ன பண்ற?" என்று வீட்டில் கேட்டார்கள். முதலில் ஒரு வத்தி. பிறகு அதே டம்ளருக்குள் இரண்டு, பிறகு மூன்று. டம்ளர் அதே டம்ளர், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவு. ஆனால் மூன்று வத்தி வைத்தபோது தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி அதிகம் ஏறியது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ் குமிழாகக் காற்று வெளியே போனதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். தீயின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. தீ அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏற்றத்துக்குப் பெரும் காரணம் இதுதான். எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே வத்தியும் அணைந்துவிடுகிறது. அந்த "ஐந்தில் ஒரு பங்கு" எல்லாம் டம்ளரும் வத்தியும் தற்செயலாக ஒத்துப்போனதால் வந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு வத்தியையும் மூன்று வத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "நேத்து நான் சொன்னது தப்பு" என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ பரீட்சைல எதை எழுத டீச்சர்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

என்னைக் குடைந்தது வேறொன்று. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் இந்தச் சோதனையைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இவள் மட்டும் எப்படிக் கேட்டாள்? யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. அன்று தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. குச்சி குச்சியாக உரசிக்கொண்டிருந்த நேரத்தில் வகுப்பு கத்த ஆரம்பித்துவிடக்கூடாதே என்று, "தண்ணி எப்போ ஏறும்னு நினைக்கிறீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன். இவள் "எரியும்போதே ஏறும்" என்று எழுந்து சொல்லியிருந்தாள். சொன்னதால் அது அவளுடைய கட்சி ஆகிவிட்டது. கட்சி ஜெயிக்கிறதா என்று கண் எடுக்காமல் பார்த்தாள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அதிலிருந்து எந்தச் சோதனையானாலும் முதலில் பிள்ளைகள் சொல்ல வேண்டும், பிறகுதான் செய்வது. இதற்குப் பெயரே உண்டு என்றும், ஆஸ்திரேலியாவில் ஒயிட், கன்ஸ்டோன் என்ற இருவர் முப்பது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் பிற்பாடு தெரிந்தது: கணி, கவனி, விளக்கு. எனக்கு அதை நமத்த தீப்பெட்டி கற்றுக்கொடுத்தது.

நான் செய்யும் விதம் இவ்வளவுதான். பழைய நோட்டுத் தாளை நாலாகக் கிழித்து ஆளுக்கு ஒரு சீட்டு. என்ன நடக்கும் என்று ஒரு வரி, ஏன் என்று ஒரு வரி. பெயர் எழுதவேண்டாம் என்றால் துணிந்து எழுதுகிறார்கள். சீட்டை வாங்கிப் பிரித்து, எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று கரும்பலகையில் எண்ணிக்கை போடுவேன். இந்த இடத்தில் ஒரு கட்டுப்பாடு ரொம்ப முக்கியம்: என் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. நம் பிள்ளைகள் கேள்வியைப் படிப்பதைவிட டீச்சர் முகத்தை நன்றாகப் படிப்பார்கள். சரியான விடையைச் சொன்ன பிள்ளையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும், மொத்த வகுப்பும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

முன்பெல்லாம் நான் பிரமாண்டத்தில் நம்பிக்கை வைத்திருந்தேன். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை பொங்கவிட்டிருக்கிறேன். கைதட்டினார்கள். மறுநாள் "அதுல என்ன வாயு வந்துச்சு?" என்றால் பாதி வகுப்பு "புகை" என்றது. நுரையைப் பார்த்திருக்கிறார்கள், வேறெதையும் பார்க்கவில்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினக் கண்காட்சிகளில் தெர்மாகோலும் வண்ணக் காகிதமுமாக வரிசை கட்டி நிற்கும் எரிமலைகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சல்கூட வருகிறது. சி.வி. ராமன் 1921இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று கேட்டுக்கொண்டு போனவர். அவர் பெயரைச் சொல்லி நாம் வைப்பதில் ஒரு கேள்விகூட இருப்பதில்லை.

சரி, எனக்கு நன்றாக வேலை செய்த சிலவற்றைச் சொல்கிறேன்.

அமிலம், காரம், நிறங்காட்டி. லிட்மஸ் தாளை எடுத்துக் காட்டினால் அது பரிசோதனைக்கூடத்துப் பொருளாகவே நின்றுவிடுகிறது. நான் ஒரு வாரம் ஆரத்தித் தட்டோடு போனேன். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு கொஞ்சம். சட்டென்று ரத்தச் சிவப்பு. இதைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் கிடையாது. கல்யாண வீட்டு வாசலில் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள். அதனால் இதில் ஆச்சரியம் இல்லை. "இதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா?" என்றேன். சீட்டுகள் வந்தன. ஒன்றும் ஆகாது என்று பெரும்பாலோர். வெள்ளையாகும் என்று சிலர். "ஆகாது டீச்சர், தோஷம்" என்று ஒரு சீட்டு. பிழிந்தேன். பழையபடி மஞ்சள். மறுபடி சுண்ணாம்பு போட்டால் மறுபடி சிவப்பு. வகுப்பு என் கையிலிருந்து போய்விட்டது, நல்ல அர்த்தத்தில். சட்டையில் பட்ட சாம்பார்க் கறையில் சோப்புப் போட்டால் ஏன் சிவக்கிறது என்பதை நான் சொல்லவேயில்லை, அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு பிள்ளை கேட்டாள்: "குங்குமமும் மஞ்சள்லதான செய்வாங்க? அதுல பிழிஞ்சா மஞ்சளாயிருமா?" எனக்குத் தெரியவில்லை. "கொண்டு வா" என்றேன். மறுநாள் ஏழெட்டுப் பொட்டலம் வந்தது. ஒருத்தியின் ஆச்சி வீட்டில் செய்து வைத்திருந்த குங்குமம் மஞ்சளுக்குத் திரும்பியது. கடையில் வாங்கிய பொட்டலங்களில் நாலு அசையவேயில்லை. அதில் இருப்பது வேறு சாயமாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள். நான் திட்டமிடாத பாடம் அது. சங்குப்பூ, செம்பருத்தி என்று அடுத்த வாரம் முழுக்க யாராவது எதையாவது கசக்கிக் கொண்டுவந்தபடி இருந்தார்கள். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், சோப்புத் தண்ணீரில் பச்சை தட்டும். வேலியில் சும்மா கிடைக்கிற நிறங்காட்டி.

அடுத்தது முட்டை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

எங்கள் பள்ளி தூத்துக்குடிப் பக்கம். பிள்ளைகளில் பாதிக்குமேல் வீட்டில் யாராவது உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம்: அடர்த்தி, ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது), மிதத்தல், திரவமானி (திரவத்தின் அடர்த்தி பார்க்கும் கருவி). புத்தகத்தில் நல்ல தண்ணீரில் முட்டை முங்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் கேள்வியைக் கொஞ்சம் திருப்பினேன். கேனில் கடல்தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். "கடல்தண்ணில முட்டை மிதக்குமா, முங்குமா?"

44 பேர். மிதக்கும் என்று 31. முங்கும் என்று 9. நடுவில் நிற்கும் என்று 4.

முட்டையைப் போட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

முப்பத்தொரு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டை கெட்டது என்றார்கள். (கெட்ட முட்டைதான் மிதக்கும் என்று பின்னாலிருந்து ஒரு பையன் திருத்தினான்.) தண்ணீர் கடல்தண்ணீரே இல்லை, குழாய்த் தண்ணீர் என்று கொண்டுவந்தவன்மேல் பழி விழுந்தது. அவன் கோபத்தில் ஒரு வாய் குடித்துக் காட்டப் போனான், தடுத்தேன். கடல்தண்ணீரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். ஒப்படர்த்தி 1.025க்குப் பக்கம். புது முட்டைக்கு 1.08க்குப் பக்கம். ஆகவே முங்கத்தான் செய்யும். ஆனால் இதை நான் உடனே சொல்லவில்லை. "அப்போ எந்தத் தண்ணில மிதக்கும்?" என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஒரு பையன் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான். அவ்வளவாகப் பேசாத பையன், அறிவியலில் முப்பது மார்க்கைத் தாண்டாதவன். "அளத்துத் தண்ணி டீச்சர். உப்பு விழுற பாத்தில உள்ளது." அதில் முட்டை கார்க் மாதிரி மேலே வந்தது, பத்தில் ஒரு பங்கு வெளியே நீட்டிக்கொண்டு.

"இது எத்தனை டிகிரி?" என்றேன். அளத்தில் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரியில்தான் சொல்வார்கள். எனக்கு ஓரளவு தெரியும், அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான்.

"இருவத்தஞ்சு இருக்கும். கடல்தண்ணி மூணு மூணரை. பாத்தி மாத்தி மாத்தி வெயில்ல வச்சு ஏத்துவாங்க. இருவத்தஞ்சுல உப்பு விழும். முப்பதுக்குள்ள அந்தத் தண்ணிய வெளிய விட்டுரணும், இல்லன்னா உப்பு கசக்கும். எங்க அளத்துல போர்த் தண்ணி, அது எடுக்கும்போதே கூட இருக்கும்."

வகுப்பு திரும்பி அவனைப் பார்த்தது. பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடத்தில் நான் மூன்று பீரியடு எடுக்கும் தெவிட்டிய கரைசலை (இனிமேல் உப்பு கரையாது என்ற நிலையை) அவன் நாலு வரியில் சொல்லிவிட்டான். உப்புக்கு முன்னால் ஜிப்சம் படிவது, கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் மெக்னீசியம் உப்புகள் தங்கிக் கசப்பது, ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு செறிவில் பிரிவது என்று அவன் சொன்னதை நான் புத்தக வார்த்தைகளில் போர்டில் எழுதினேன். அவ்வளவுதான் என் வேலை.

பிறகு கணக்கு. அளத்தில் சொல்லும் டிகிரி என்பது போமே அளவு, திரவத்தின் அடர்த்தியைக் குறிப்பது. ஒப்படர்த்தி வேண்டுமென்றால் 145லிருந்து டிகிரியைக் கழித்து, வருவதால் 145ஐ வகுக்கவேண்டும். 25 டிகிரிக்கு 145ஐ 120ஆல் வகுத்தால் 1.208. நான் வாங்கி வைத்திருந்த சமையல் தராசில் 100 மில்லி அளத்துத் தண்ணீரை நிறுத்தோம். 120 கிராமும் சொச்சமும். கடல்தண்ணீர் 102, 103. அப்புறம் தலைகீழாக: முட்டை மிதக்க 1.08 வேண்டும், அது எத்தனை டிகிரி? பத்து, பதினொன்று என்று வந்தது. "பத்து டிகிரி பாத்தித் தண்ணி கொண்டுவாறேன், பாப்போம்" என்று அவன் கிளம்பிவிட்டான். கொண்டும் வந்தான். முட்டை அடியிலும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. நடுவில் தள்ளாடிக்கொண்டு நின்றது. முதல் நாள் "நடுவில் நிற்கும்" என்று எழுதிய நாலு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்தார்.

இளநீர் ஸ்ட்ராவின் அடியைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே இரண்டு சைக்கிள் பால்ஸ் போட்டால் ஒரு திரவமானி. நல்ல தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் முங்கும்படி செய்துகொண்டால், கடல்தண்ணீரில் இரண்டு மில்லிமீட்டர்தான் மேலே எழும். அளத்துத் தண்ணீரில் ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல். அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பார்ப்பதற்காக அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பையனின் அம்மா வந்தார். "டிகிரி பாக்க மீட்டர் எதுக்கு டீச்சர்? கைய விட்டுத் தேச்சாத் தெரிஞ்சுபோகும், எண்ணெ மாதிரி வழுவழுன்னு வந்துரும்" என்றார். "அக்கா, ஒரு நாள் வகுப்புக்கு வந்து சொல்லுங்க" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். வேலை நாள் கூலி போய்விடுமே என்று நானே பிறகு வற்புறுத்தவில்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: வீட்டுத் தொழிலை வகுப்பில் கொண்டுவரும்போது எந்தப் பிள்ளையையும் நாமாகப் பெயர் சொல்லி எழுப்பக்கூடாது. முதல் வருஷம் "அளத்து வேலை பார்க்கிற வீடு யார் யார்?" என்று கேட்டு நான் தப்புப் பண்ணினேன். பாதிக் கைகள் தூக்கவில்லை. தூக்காதது ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கேள்வியைப் பொதுவில் வைத்தால் தெரிந்த பிள்ளை தானே பாட்டிலோடு வரும்.

இப்போது தப்புகள். இரவே வீட்டில் செய்து பார்க்காத எதையும் வகுப்பில் செய்யாதீர்கள். எனக்கு இந்தப் புத்தி வந்தது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால். அதன்மேல் கிளிசரின் விட்டால் தானாகத் தீப்பிடிக்கும் என்று படித்து, ஒத்திகை பார்க்காமல் வகுப்பில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து வினாடி, இருபது வினாடி. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். என்ன ஆச்சு என்று நான் குனிந்தேன். அப்போதுதான் குப்பென்று பிடித்தது. புருவத்தில் பாதியும் மேசை விரிப்பில் ஒரு வட்டமும் போயிற்று. அந்த வினை தூளின் பருமனையும் சூட்டையும் பொறுத்துத் தாமதமாகத்தான் தொடங்கும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று முன்வரிசைப் பிள்ளை யாராவது குனிந்திருந்தால் என்ற நினைப்பில் ரெண்டு நாள் தூக்கம் இல்லை. அதன்பிறகு தீ, அடர் அமிலம் இரண்டும் என் வகுப்பறையில் கிடையாது. செய்முறைத் தேர்வுக்கு வேண்டியதை ஆய்வகத்தில், பத்துப் பத்துப் பேராகத்தான் செய்கிறோம்.

ஆய்வகம் என்றதும் பீரோ ஞாபகம் வருகிறது. பல பள்ளிகளில் குடுவைகள் பத்திரமாக இருக்கின்றன, ஏனென்றால் யாரும் தொடுவதில்லை. உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் யார் எழுதுவது என்ற பயம். எங்கள் தலைமையாசிரியரிடம் வருஷத் தொடக்கத்திலேயே போய், "இத்தனை சோதனைக்குழாய் உடையத்தான் செய்யும், உடைஞ்சா தேதி போட்டு எழுதித் தாறேன்" என்று பேசி வைத்துக்கொண்டேன். அந்த ஒரு பேச்சு வார்த்தை எனக்கு எத்தனையோ பயிற்சி வகுப்பைவிட உதவியது. மீதிக்கு தண்ணீர் பாட்டில், ஊசி போடாத சிரிஞ்சு, பலூன், சேஃப்டி பின். அரவிந்த் குப்தாவின் குப்பையில் பொம்மைகளைப் பார்த்துச் செய்த மின்மோட்டார் இன்றும் என் பையில் கிடக்கிறது: ஒரு பேட்டரி, இரண்டு சேஃப்டி பின், எனாமல் கம்பிச் சுருள், ஒரு காந்தம். கம்பியின் ஒரு முனையில் எனாமலைப் பாதி வட்டம் மட்டும் சுரண்டவேண்டும், முழுக்கச் சுரண்டினால் சுற்றாது. ஏன் சுற்றாது என்பதில்தான் பாடமே இருக்கிறது. அவர் 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்தில் போய் இருந்தபோது சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் வைத்துத் தொடங்கியவர். அங்கே அந்தத் திட்டம் 1972இல் 16 பள்ளிகளில் ஆரம்பித்து முப்பது வருஷம் நடந்தது. நம்மை மாதிரி கூரை ஒழுகும் பள்ளிகள்தான் அவை.

குழு பற்றி ஒரு வார்த்தை. எட்டுப் பேர் குழு வேண்டாம். இரண்டு பேர் செய்வார்கள், ஆறு பேர் ஊர்க்கதை பேசுவார்கள். ஐந்து பேர், ஆளுக்கொரு வேலை. அளப்பவர் அடுத்த வாரம் எழுதுபவர். கையெழுத்து நன்றாக இருக்கும் பெண்பிள்ளைகள்தான் எல்லாக் குழுவிலும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை ஒரு அரையாண்டு முழுக்கக் கவனிக்காமல் இருந்தேன். இப்போது மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

சரி, பரீட்சை. "அப்போ பரீட்சைல எதை எழுத?" பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ஒரு மார்க், ரெண்டு மார்க், நாலு மார்க், ஏழு மார்க். காலாண்டுக்குள் இத்தனை பாடம், அரையாண்டுக்குப் பின் ரிவிஷன், ஸ்பெஷல் கிளாஸ். போர்ஷன் முடிக்கவேண்டாமா என்று கேட்காத சக ஆசிரியர் இல்லை. அவர்கள் கேட்பதும் சரிதான். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. நான் நடத்தவும் இல்லை. வாரத்தில் ஒரு பீரியடு. அதிலும் சீட்டு எழுத ஐந்து நிமிஷம், செய்ய பதினைந்து, சண்டை போட பத்து, மீதி நேரம் புத்தகத்தில் அதே விஷயம் எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தேடி அடிக்கோடிடுவது. இந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு முட்டை ஞாபகம் இருக்கும், 'ஒப்படர்த்தி' என்ற சொல் மறந்துவிடும், மார்க் போய்விடும். ஒரு வருஷம் எனக்கு அப்படி ஆகி, ரிசல்ட் மீட்டிங்கில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெழுகுவத்தி விஷயத்தில் அந்தக் கடைசி பெஞ்சுக் குரலுக்கு நான் சொன்ன பதில்: "புத்தகத்துல என்ன இருக்கோ அத எழுது, காரணம் கேட்டா நாம பாத்தத எழுது. மார்க் குறைஞ்சா நான் பேசுறேன்." முழு நேர்மையான பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

கடைசியாக நிழல். இதற்கு எந்தச் செலவும் இல்லை, நேரமும் வாரத்துக்குப் பத்து நிமிஷம்தான், ஆனால் வருஷம் பூராவும் ஓடும். பள்ளி முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் பிவிசி பைப்பை, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்து பார்த்து, நட்டோம். ஜூனில் முதல் கேள்வி: "மத்தியானம் உச்சி வெயில்ல நிழல் எந்தப் பக்கம் விழும்?" அநேகமாக எல்லாச் சீட்டிலும் "விழாது, காலடியில் இருக்கும்." போய்ப் பார்த்தால் 26 சென்டிமீட்டர் நிழல், தெற்கே. தெற்கே விழுந்ததில்தான் குழப்பம். சூரியன் நமக்கு வடக்கே போகுமா என்று ஒருத்தன் வானத்தைப் பார்த்துவிட்டு, கண் கூசிக் கீழே உட்கார்ந்தான். (சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) வெள்ளிக்கிழமை தோறும் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தையும் நீளத்தையும் சாக்பீசால் குறித்து, பின் பெயிண்டால் புள்ளி வைத்தோம். நிழல் வாரா வாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. "எப்போ காணாமப் போகும்?" என்று ஜூலையில் கேட்டேன். கிராஃப் தாளில் கோட்டை நீட்டி, ஆகஸ்ட் கடைசி வாரம் என்று இரண்டு குழு சொன்னது. ஆகஸ்ட் 30, மதியம் 12.18. பைப்புக்கு நிழலே இல்லை. எங்கள் அட்சரேகைக்கு ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் 30 வாக்கிலும் இரண்டு தடவை இப்படி நடக்கும். சென்னைக்காரர்களுக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே போகப் போகத் தேதி நகரும். ஏப்ரலில் பரீட்சை, ஆகஸ்டுதான் நமக்கு வாய்ப்பு.

நிழல் வடக்கே திரும்பியது. அதற்குப்பின் காலாண்டுப் பரீட்சை, லீவு, அப்புறம் மழை. ஏழெட்டு வாரம் புள்ளி வைக்க முடியவில்லை. நவம்பரில் மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல் 12.10க்குப் போய் நின்றோம். 12.18 வரை நிழல் குட்டையாகும் என்று காத்திருந்தால், அது நீண்டுகொண்டே போகிறது. அடுத்த வாரம் 11.45க்கே போனோம். மிகக் குட்டையான நிழல் 12.02க்கு. பதினாறு நிமிஷம் முன்னால்.

எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், பூமியின் பாதை முழு வட்டம் இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரிய மத்தியானம் கடிகார மத்தியானத்தோடு வருஷம் முழுக்க ஒத்துப்போகாது என்று. ஆனால் வகுப்பில் இன்னும் சொல்லவில்லை. சீட்டு மட்டும் வாங்கியிருக்கிறேன். "கடிகாரம் தப்பு" என்று பதினேழு பேர். "பைப் மழையில சாஞ்சுட்டு" என்று பன்னிரண்டு. அவர்கள் நூலும் கல்லும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, சாயவில்லை என்று முகம் தொங்கத் திரும்பி வந்தார்கள். பாட்டிலில் அளத்துத் தண்ணீர் கொண்டுவந்த பையன் "இப்போ பூமி கொஞ்சம் அவசரப்படுது" என்று எழுதியிருக்கிறான். முழுத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. டிசம்பர் 22 வரை குறிக்கட்டும், நிழல் 63 சென்டிமீட்டரைத் தொடுகிறதா, மணி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அவனையே போர்டுக்குக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். அதற்குள் முற்றத்துக்குப் புதுசாகச் சிமெண்டு பூசப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. நாளைக்குத் தலைமையாசிரியரிடம் போய் நிற்கவேண்டும்.